தோட்டத்தை உறங்க வைக்கும் மாதங்கள்

இலையுதிர் காலம் என்ற சொல்லை நம்மில் பெரும்பாலோர் பள்ளிப் பாடநூலில்தான் முதன்முதலாகச் சந்தித்திருப்போம். நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு படம் இருக்கும். அதன் மூன்றாவது கட்டத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு மரம் நிற்கும். கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ சிங்கப்பூரிலோ வளரும் பிள்ளைக்கு அந்த மரத்தோடு எந்த உறவும் இல்லை. தேர்வுக்கு மனப்பாடம் செய்ததோடு அதன் கதை முடிந்துவிடும்.

நம் முன்னோர் பருவங்களை அறியாதவர்கள் அல்லர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. இவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த கூதிர்காலம், மாதக் கணக்கில் வடநாடுகளின் இலையுதிர் காலத்தோடு ஓரளவு ஒத்துவருகிறது. எனினும் கூதிர் என்பது வாடைக் காற்றையும் மழையையும் குறிப்பது. இலை உதிர்வதை அன்று. அதேபோல் முன்பனி, பின்பனி என்பவற்றில் வரும் பனி, விடியலில் புல்நுனியில் நிற்கும் பனிதான். ஆதலால் இக்கட்டுரையில், இரவில் செடிமேல் படிந்து உறையும் படிவத்தை உறைபனி என்றும், வானிலிருந்து விழுவதை வெண்பனி என்றும் பிரித்துச் சொல்கிறேன். தோட்டக்காரனுக்கு இவை இரண்டும் ஒன்றல்ல. முன்னது பகை, பின்னது பெரும்பாலும் நட்பு. அது எப்படி என்பதைப் பின்னர் காண்போம்.

நம் பேரவையின் முன்னாள் மாணவர்கள் பலர் இன்று கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா எனக் குளிர்நாடுகளில் வாழ்கிறார்கள். மேற்படிப்புக்காக அங்கே போகவிருக்கும் தம்பி தங்கையரும் உண்டு. நான் பத்தாண்டுகளுக்கும் மேலாக டொரோண்டோ நகரின் ஓரத்தில், வீட்டின் பின்புறம் உள்ள சிறிய நிலத்தில் தோட்டம் போட்டு வருகிறேன். செப்டம்பர் முதல் நவம்பர் வரை அந்தத் தோட்டத்தைக் குளிர்காலத்திற்கு எப்படி ஆயத்தம் செய்கிறோம், ஏன் அப்படிச் செய்கிறோம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தென் அரைக்கோளத்தில் உள்ள மெல்பர்ன் போன்ற நகரங்களில் இருப்போர் இம்மாதங்களை மார்ச் முதல் மே வரை என மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே குளிரும் இவ்வளவு கடுமையானதன்று.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குளிர்கால ஆயத்தம் என்றதும் செடிகளுக்குக் கம்பளி போர்த்திச் சூடேற்றுவது போன்ற ஓர் எண்ணம் நமக்கு வருகிறது. உண்மை அதற்கு நேர்மாறானது. செடியைச் சூடாக வைத்திருப்பது அன்று, உரிய நேரத்தில் உறங்க வைத்து, இடையில் விழிக்காமல் பார்த்துக்கொள்வதே இந்தப் பருவத்தின் வேலை.

இலை ஏன் உதிர்கிறது?

கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம். டொரோண்டோவில் ஜூன் மாதம் 21ஆம் நாளையொட்டிப் பகல் சுமார் 15½ மணி நேரம் நீடிக்கும். டிசம்பரில் அது 9 மணி நேரத்திற்கும் சற்றுக் குறைந்துவிடும். மரம் முதலில் கவனிப்பது குளிரை அன்று. இந்தப் பகல் சுருங்குவதைத்தான். ஓர் ஆண்டு குளிர் முந்தி வரலாம், மற்றோர் ஆண்டு பிந்தி வரலாம். பகலின் நீளம் மட்டும் ஏமாற்றுவதில்லை.

பகல் குறையத் தொடங்கியதும் மரம் தன் சொத்தைப் பத்திரப்படுத்துகிறது. இலையில் உள்ள பச்சையம் சிதைக்கப்படுகிறது. அதனோடு இருந்த நைட்ரஜன் போன்ற சத்துகளை மரம் கிளைக்கும் வேருக்கும் திருப்பி எடுத்துக்கொள்கிறது. இலையில் இருக்கும் நைட்ரஜனில் ஏறத்தாழ பாதி இப்படி மீட்கப்படுகிறது. பச்சை மறைந்ததும் அதற்குள் முன்பே இருந்த மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன. மேப்பிள் மரத்தின் சிவப்பு மட்டும் புதிதாக உருவாவது. இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து ஆந்தோசயனின் என்னும் நிறமி உண்டாகிறது. இதற்கிடையில் இலைக்காம்பின் அடியில் மெல்லிய தடுப்பு ஒன்று வளர்ந்து, காயம் ஆறுவதுபோல் மூடிக்கொள்கிறது. அதன் பிறகு ஒரு சிறு காற்று போதும், இலை விழுந்துவிடும். ஆகவே இலையுதிர்வு என்பது மரம் சாவது அன்று. கணக்கு முடித்துக் கடையடைப்பது.

இது நமக்கு முற்றிலும் அந்நியமான காட்சியும் அன்று. தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் பாட்டன் பாட்டிமார் ஆண்டுதோறும் ஓர் இலையுதிர் காலத்தைக் கண்டவர்கள்தாம். ஆண்டின் தொடக்கத்தில் வறட்சி வந்ததும் ரப்பர் மரங்கள் இலைகளைக் கொட்டிவிடும். புதுத்தளிர் விட்டு முற்றும்வரை பால் குறையும். பால் குறைந்தால் வீட்டுக்கு வரும் காசும் குறையும். வெள்ளைக்காரத் துரைமார் அதற்கு 'விண்டரிங்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். பூமத்திய ரேகைக்கு அருகில் குளிரே இல்லாத நிலத்தில், மரம் இலையுதிர்த்து ஓய்வெடுப்பதைக் குளிர்காலம் என்று அழைத்தார்கள். பால்மரத்திற்குக் காரணம் வறட்சி, மேப்பிளுக்குக் காரணம் குறையும் பகல். மரம் செய்வது என்னவோ ஒன்றுதான்.

குளிரைவிடக் கொடியவை

குளிர்நாட்டு மரங்களும் செடிகளும் குளிரைத் தாங்கவே படைக்கப்பட்டவை. ஜனவரியில் சில இரவுகள் உறைநிலைக்குக் கீழே 20 பாகை செல்சியஸ் வரை இறங்கினாலும் ஆப்பிள் மரமும் ரோஜாவின் வேரும் உயிரோடு இருக்கும். ஆனால் இந்தத் தாங்கும் சக்தி ஒரே நாளில் வருவதில்லை. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சிறிது சிறிதாகக் குளிரக் குளிர, செடியின் உயிரணுக்களில் சர்க்கரை சேர்கிறது; நீர் குறைகிறது. சர்க்கரை கலந்த நீர் எளிதில் உறைவதில்லை. உறைபனி பட்ட பிறகு கேல் கீரையும் கேரட்டும் இனிப்பதற்கு இதுவே காரணம்.

இப்படிப் பதமாகும் செடியின் ஓய்வைக் கலைப்பவை மூன்று.

முதலாவது, காலம் தவறிய உரமும் கத்தரிப்பும். ஆகஸ்டு நடுப்பகுதிக்குப் பிறகு நைட்ரஜன் உரம் போட்டாலோ கிளைகளை வெட்டினாலோ செடி புதுத்தளிர் விடும். அந்த இளந்தளிர் முற்றுவதற்குள் உறைபனி வந்து கருக்கிவிடும். நம் ஊரில் செடி வாடினால் உரம் போடுவோம், கிளை நீண்டால் வெட்டுவோம். இங்கே இலையுதிர் காலத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழக வேண்டும். மரங்களைக் கத்தரிப்பதற்குப் பெரும்பாலும் குளிர்காலத்தின் கடைசிப் பகுதியே ஏற்றது.

இரண்டாவது, உறைவதும் உருகுவதும் மாறி மாறி வருவது. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைகிறது. மண்ணில் உள்ள ஈரம் இரவில் உறைந்து பகலில் உருகி மறுபடி உறையும்போது, மண் மேலெழும்பி, ஆழமாக வேர் விடாத செடியை வேரோடு வெளியே தள்ளிவிடும். வெளியே கிடக்கும் வேர் காய்ந்து செத்துவிடும். இதைத் தடுக்கத்தான் வைக்கோல், சருகு முதலியவற்றால் மூடாக்கு இடுகிறோம். ஆனால் ரோஜா, பூண்டு போன்றவற்றுக்கு மூடாக்கை மண் உறையத் தொடங்கிய பிறகே இட வேண்டும். மண்ணைச் சூடாக வைப்பதற்காக நாம் மூடுவதில்லை. உறைந்த மண் உறைந்தபடியே இருக்கட்டும் என்பதற்காக மூடுகிறோம். சூடு மாறாதபடி குடுவை காப்பது போல மூடாக்கு குளிர் மாறாதபடி காக்கிறது. வெண்பனியை நட்பு என்று சொன்னதும் இதனால்தான். புதிதாய் விழுந்த வெண்பனியின் பெரும்பகுதி காற்றே. அது பஞ்சு மெத்தைபோல் நிலத்தை மூடி, மேலே கடுங்குளிர் வீசினாலும் கீழே மண்ணின் வெப்பநிலை தடுமாறாமல் காக்கிறது. வெண்பனியே இல்லாத கடுங்குளிர்தான் செடிகளுக்கு ஆபத்து.

மூன்றாவது, தாகம். குளிர்காலத்தில் செடி தாகத்தால் சாகும் என்றால் நம்புவது கடினம். ஊசியிலை மரங்களும், பசுமை மாறாத புதர்களும் குளிர்காலத்திலும் இலைகளின் வழியே நீரை இழந்துகொண்டே இருக்கும். நிலம் உறைந்துவிட்டதால் வேரால் நீரை எடுக்க முடியாது. மார்ச் மாதத்தில் பழுப்பேறி நிற்கும் புதர்கள் குளிரால் மட்டுமன்றி வறட்சியாலும் கருகியவை. ஆகவே நிலம் உறையும்வரை, அதாவது நவம்பர் பாதிவரை, இவற்றுக்கு நன்றாக நீர் ஊற்ற வேண்டும். வாடைக்காற்று வீசும் பக்கத்தில் சாக்குத்துணியால் மறைப்புக் கட்டுவதும் இதற்காகத்தான்.

மூன்று பட்டியல்கள்

செப்டம்பர் பிறந்ததும் ஒரு தாளை எடுத்து மூன்று பட்டியல்கள் போட்டுக்கொள்வது என் வழக்கம். விட்டுவிட வேண்டியவை, மண்ணிலேயே உறங்குபவை, உள்ளே கொண்டுவர வேண்டியவை என்பன அவை. எல்லாவற்றையும் காப்பாற்ற நினைப்பவர் பெரும்பாலும் முக்கியமானதைக் கோட்டைவிடுவார்.

விட்டுவிட வேண்டியவற்றுள் தக்காளி, வெண்டை, பாகல், அவரை, துளசி ஆகியவை அடங்கும். டொரோண்டோ வட்டாரத்தில் முதல் உறைபனி பெரும்பாலும் அக்டோபர் மாதத்தில் வரும். ஏரிக்கரையை ஒட்டிய பகுதிகளில் சற்றுப் பிந்தும். இந்தச் செடிகள் ஓர் இரவிலேயே கறுத்துத் தொங்கிவிடும். அதற்கு முன் எடுக்க வேண்டியவற்றை எடுத்துவிட வேண்டும். பாகலிலும் அவரையிலும் நன்கு முற்றிய காய்களை விதைக்கென்று விட்டுவைத்து, காயவைத்து, உறையில் போட்டு ஆண்டைக் குறித்து வைக்கலாம். துளசி விதையையும் அவ்வாறே உதிர்த்து வைக்கலாம். பச்சைத் தக்காளிகளைப் பறித்துச் செய்தித்தாளில் சுற்றி, ஓர் ஆப்பிளோடு பெட்டியில் வைத்தால், ஆப்பிள் வெளியிடும் எத்திலீன் வாயுவால் சில வாரங்களில் பழுத்துவிடும். பழுக்காதவை தொக்குக்கு மிகப் பொருத்தம். புளிப்பு அதிலேயே இருப்பதால் புளியைக் குறைத்துக்கொள்ளலாம். காய்ந்த செடிகளில் நோய்கண்ட தக்காளித் தழையை மட்டும் மட்குக்குழியில் போடாமல் அப்புறப்படுத்த வேண்டும்.

மண்ணிலேயே உறங்குபவை இரண்டாம் பட்டியல். ரோஜா, புதினா, வெங்காயத்தாள் வகைகள், பழமரங்கள் முதலியன இதில் அடங்கும். ஒட்டுக்கட்டிய ரோஜாவுக்கு ஒட்டுப் பகுதிதான் உயிர்நிலை. நவம்பரில் மண் இறுகத் தொடங்கியதும் அதன் அடியில் 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்திற்கு மண்ணைக் குவித்துவிட்டால் போதும். இளம் பழமரங்களின் தண்டைச் சுற்றிப் பாதுகாப்பு உறை இடுவது நல்லது. வெண்பனிக்கு அடியில் எலிகளும், மேலே முயல்களும் பசியில் பட்டையைக் கொறிக்கும். தண்டைச் சுற்றிலும் பட்டை போய்விட்டால் மரம் பிழைக்காது.

உள்ளே கொண்டுவர வேண்டியவை மூன்றாம் பட்டியல். நம் நாட்டுச் செடிகள் பெரும்பாலும் இதில்தான் இருக்கும். இதிலும் இரண்டு வகை உண்டு. கிழங்காக உறங்குபவை ஒரு வகை. நம் ஊரில் வாய்க்கால் ஓரம் கேட்பாரற்று வளரும் கல்வாழையை இங்கே ஆண்டுதோறும் தோண்டி எடுக்க வேண்டும். முதல் உறைபனியில் தழை கறுத்ததும் தண்டை வெட்டி, கிழங்கைத் தோண்டி, மண்ணை உதறி, நிழலில் சில நாள் உலர்த்தி, உறையாத குளிர்ந்த அறையில் பெட்டிக்குள் வைக்க வேண்டும். 7 முதல் 10 பாகை வரையிலான வெப்பநிலை ஏற்றது. டாலியா கிழங்குக்கும் இதே முறைதான். சாடியில் வளர்க்கும் மஞ்சளும் இஞ்சியும் இலை பழுத்துத் தாமே படுத்துவிடும். இவற்றுக்கு அவ்வளவு குளிர் ஆகாது. அறுவடைக்குப் பிறகு சில துண்டுகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்து அடுத்த ஆண்டு நடலாம்.

மற்ற வகை, இலையோடு உள்ளே வருபவை. மல்லிகை, மிளகாய், கறிவேப்பிலை ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. மிளகாயைப் பலர் ஓராண்டுச் செடி என்று எண்ணுகிறார்கள். கிளைகளைப் பாதியாக வெட்டி உள்ளே வைத்தால் மறு ஆண்டும் காய்க்கும்.

கறிவேப்பிலை என்னும் பொறுப்பு

கறிவேப்பிலையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இதன் அறிவியல் பெயரில் வரும் 'கோனிகி' என்ற பகுதி, யோகான் கெர்ஹார்ட் கோனிக் என்னும் தாவரவியலாளரைக் குறிப்பது. லின்னேயஸின் மாணவரான அவர் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவர். ஆக, தமிழ் மண்ணுக்கும் குளிர்நாட்டுக்கும் இடையே இச்செடி பெயரளவில் 18ஆம் நூற்றாண்டிலேயே பயணம் செய்துவிட்டது. செடியாக அது இங்கே வாழ்வதற்குத்தான் நாம் பாடுபட வேண்டியிருக்கிறது.

டொரோண்டோ வட்டாரத்தில் இலங்கைத் தமிழர்கள் பெருந்தொகையினராக வாழ்கிறார்கள். பலர் வீட்டில் ஒரு கறிவேப்பிலைச் சாடியைக் காணலாம். என்னிடம் இருக்கும் செடி, எங்கள் தெருவில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் தம் பெரிய செடியின் அடியில் முளைத்த கன்றைப் பிரித்துத் தந்தது. முதல் குளிர்காலத்தில் இலைகள் எல்லாம் உதிர்ந்துபோக, உரம் வாங்கிவரட்டுமா என்று கேட்டேன். "நித்திரை கொள்ளுற பிள்ளையை எழுப்பி ஆரும் சோறு தீத்துவினமே, தம்பி?" என்றார். தீத்துதல் என்றால் அவர்கள் வழக்கில் ஊட்டுதல். இந்தக் கட்டுரையில் நான் விளக்கும் செய்தி முழுவதும் அந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

இரவு வெப்பநிலை 10 பாகையை நெருங்கும்போது, அதாவது செப்டம்பர் பிற்பாதியில், சாடியை உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும். உறைபனிக்காகக் காத்திருக்கக் கூடாது. அதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. இலையின் மேலும் கீழும் நீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். செதில் பூச்சி, அசுவினி, சிலந்திப்பேன் ஆகியவை ஒளிந்து உள்ளே வந்தால், வெளியே அவற்றைத் தின்னும் பூச்சிகள் வீட்டுக்குள் இல்லாததால் கட்டுக்கடங்காமல் பெருகும். பூச்சிகளுக்கென்று விற்கும் சோப்புக் கரைசலை ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை தெளிப்பது நல்லது. சமையலுக்குப் பறிக்கும் செடியாதலால் வேறு நஞ்சு எதுவும் வேண்டா.

உள்ளே தெற்கு நோக்கிய சன்னலே இதற்கு உரிய இடம். வடகோளத்தில் குளிர்காலச் சூரியன் தெற்கே தாழ்வாகச் செல்வதால் அந்தச் சன்னலுக்குத்தான் வெயில் கிடைக்கும். வீட்டைச் சூடாக்கும் காற்று வரும் துளைக்கு அருகில் வைக்கக் கூடாது. அந்த உலர்காற்று சிலந்திப்பேனுக்கு விருந்து. மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே நீர் ஊற்ற வேண்டும். வீட்டுக்குள் இறக்கும் கறிவேப்பிலைச் செடிகளில் பல, குளிரால் அன்று, வேர் அழுகியே இறக்கின்றன. இலை உதிர்ந்ததைக் கண்டு கலங்கி மேலும் மேலும் நீர் ஊற்றுவதுதான் காரணம். தண்டை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் செடி உறங்குகிறது என்று பொருள். மார்ச் மாதத்தில் பகல் நீளத் தொடங்கியதும் தளிர் விடும். உரம் அப்போதுதான். மே மாத இறுதியில் ஒரு வாரம் பத்து நாள் நிழலில் வைத்துப் பழக்கி, பிறகு வெயிலுக்கு மாற்ற வேண்டும்.

அந்த அம்மா 2019இல் வீட்டை விற்றுவிட்டு மகளோடு அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்டார். வடக்கு நோக்கிய அந்த வீட்டில் வெயில் விழும் சன்னல் இல்லை. இருபது ஆண்டுகள் வளர்த்த தாய்ச்செடி வேறொரு குடும்பத்தாரிடம் போனது. அடுத்த குளிர்காலத்தைத் தாண்டவில்லை. ஆனால் அதன் கன்றுகள் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலுமாக ஐந்தாறு வீடுகளில் இருக்கின்றன. அவருக்கு வேண்டிய கறிவேப்பிலை இன்றும் இந்த வீடுகளிலிருந்துதான் போகிறது. குளிர்நாட்டில் அருமையான ஒரு செடியைக் காப்பாற்ற மிகச் சிறந்த வழி, அதன் கன்றை இன்னொருவருக்குக் கொடுத்து வைப்பதே. ஒரு வீட்டில் பட்டுப்போனாலும் மற்றொரு வீட்டில் பிழைக்கும். அதனால்தான் இதைப் பொறுப்பு என்கிறேன்.

உறங்கும் மண்ணில் விதைப்பவை

இலையுதிர் காலம் முடிப்பதற்கு மட்டும் உரியதன்று, தொடங்குவதற்கும் உரியது. குளிர் பட்டால்தான் விளையும் பயிர்களும் உண்டு. அவற்றுள் முதன்மையானது பூண்டு. அக்டோபர் நடுப்பகுதி முதல் நவம்பர் தொடக்கத்திற்குள் பூண்டுப் பற்களைத் தோல் உரிக்காமல், கூர்நுனி மேலே இருக்குமாறு, 5 சென்டிமீட்டர் ஆழத்தில், 15 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு ஊன்ற வேண்டும். நிலம் உறைவதற்குள் அது வேர் பிடித்துவிடும். பிறகு வைக்கோல் மூடாக்கு. வசந்தத்தில் முளை மேலே வரும், ஜூலையில் அறுவடை செய்யலாம். வாரக்கணக்கில் குளிர் படாத பூண்டு பற்களாகப் பிரியாமல் ஒற்றை உருண்டையாகவே நின்றுவிடக்கூடும். நம் அடுப்படியில் நாள்தோறும் நசுக்கும் பூண்டின் பற்களுக்குப் பின்னால் ஒரு குளிர்காலம் இருக்கிறது.

துலிப் மலரும் அப்படியே. அதன் கிழங்குக்கு மூன்று மாதத்திற்கும் மேலான குளிர் தேவை. கிழங்கின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு, சுமார் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் நட வேண்டும். அணில்கள் தோண்டித் தின்னும் என்பதால் மேலே கம்பிவலை பரப்பி மண்ணிடுவது வழக்கம். டாஃபடில் கிழங்கில் நச்சுத்தன்மை இருப்பதால் அணில்கள் அதைத் தொடுவதில்லை.

கனடாவில் துலிப்புக்குத் தனி வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது நெதர்லாந்து இளவரசி யூலியானா ஒட்டாவா நகரில் தஞ்சம் புகுந்திருந்தார். 1943இல் அவருடைய மகள் மார்கிரீட் அங்கே பிறந்தார். நன்றிக் கடனாக 1945இல் 1,00,000 துலிப் கிழங்குகள் கனடாவுக்கு அனுப்பப்பட்டன. 1953 முதல் ஒட்டாவாவில் துலிப் விழா நடைபெறுகிறது. மே மாதத்தில் உலகமே வந்து பார்க்கும் அந்த மலர்களை யாரோ சிலர் அக்டோபரின் ஈரமண்ணில் முழந்தாளிட்டு நட்டிருக்கிறார்கள்.

சருகும் நீரும்

விழுந்த இலைகளைக் குப்பை என்று கருதுவது வீண். புல்வெட்டும் இயந்திரத்தால் அவற்றைப் பொடியாக்கிப் பாத்திகளில் பரப்பலாம். ஒரு மூலையில் குவித்து வைத்தால் ஓரிரண்டு ஆண்டுகளில் கருமையான இலைமட்கு கிடைக்கும். மிகுந்ததைத் தாள்பைகளில் கட்டி வைத்தால் நகராண்மைக் கழகத்தார் எடுத்துச் சென்று உரமாக்குவார்கள். புல்தரையில் மட்டும் தடிப்பாகக் கிடக்க விடக்கூடாது; அடியில் புல் மூச்சுத் திணறி அழுகும்.

முன்பெல்லாம் இலையுதிர் காலத்தில் தோட்டத்தைத் துடைத்தெடுப்பதே நல்ல தோட்டக்காரனுக்கு இலக்கணம் என்றார்கள். இன்று அந்தக் கருத்து மாறிவருகிறது. சில அந்துப்பூச்சிகளின் கூடுகள் சருகுக்குள் கிடக்கின்றன. சிறு காட்டுத் தேனீக்கள் காய்ந்த தண்டின் துளைக்குள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. காய்ந்த பூக்களின் விதைகளைக் குருவிகள் கொத்தித் தின்னும். ஆகவே நோயற்ற தண்டுகளையும் மரத்தடிச் சருகையும் வசந்தம்வரை விட்டுவைப்பது நல்லது. உறங்க வந்தவை செடிகள் மட்டுமல்ல.

கடைசியாக நீர். வெளிக்குழாய்க்குச் செல்லும் நீரை வீட்டுக்குள் உள்ள அடைப்பானில் நிறுத்தி, வெளிக்குழாயைத் திறந்து எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். உள்ளே நின்ற நீர் உறைந்து விரிந்தால் குழாய் வெடிக்கும். வசந்தத்தில் திறக்கும்போதுதான் சுவருக்குள் நீர் கசிவது தெரியும். ரப்பர் குழாயைச் சுருட்டி உள்ளே வைக்க வேண்டும். மழைநீர்த் தொட்டியைக் கவிழ்த்துவிட வேண்டும். மண்சாடிகள் ஈரத்தோடு வெளியே இருந்தால் விரிசல் விடும். மண்வெட்டி, கத்தரிக்கோல் முதலியவற்றைத் துடைத்து எண்ணெய் பூசி வைத்தால் அடுத்த ஆண்டு அவை நம்மைச் சபிக்கமாட்டா.

நினைவில் கொள்ள எளிதாக இருக்கும் பொருட்டு வேலைகளை மாதவாரியாகத் தொகுத்துத் தருகிறேன். ஆகஸ்டில் உரத்தையும் கத்தரிப்பையும் நிறுத்துக. செப்டம்பரில் சாடிச் செடிகளைக் கழுவி உள்ளே கொண்டுவருக, விதை சேர்த்திடுக. அக்டோபரில் எஞ்சிய காய்களைப் பறித்து, கிழங்குகளைத் தோண்டி, பூண்டையும் துலிப்பையும் ஊன்றுக. நவம்பரில் பசுமை மாறா மரங்களுக்கு நீர் ஊற்றி, குழாயை வடித்து, மண் இறுகியதும் மூடாக்கு இடுக. பிறகு மார்ச் வரை சன்னலோரச் செடிகளுக்கு அளவோடு நீர் ஊற்றுவதைத் தவிர வேறு வேலை இல்லை. அந்த வேலையின்மையும் தோட்டத்தின் ஒரு பகுதியே.

நம் நாட்டிலிருந்து மேற்படிப்புக்குச் செல்வோர் பெரும்பாலும் செப்டம்பரில்தான் குளிர்நாடுகளில் போய் இறங்குகிறார்கள். ஊர் பழகுவதற்குள் மரங்கள் மொட்டையாகின்றன, நான்கரை மணி ஐந்து மணிக்கே இருட்டுகிறது. சுற்றிலும் யாவும் சாவதுபோன்ற தோற்றம், வீட்டு நினைவோடு சேர்ந்து பலரை வாட்டுகிறது. அத்தகைய தம்பி தங்கையருக்கு என் யோசனை ஒன்றுதான். அக்டோபர் மாதம் பக்கத்தில் ஒரு சமூகத் தோட்டத்தையோ, வீட்டுக்காரரின் பாத்தி ஓரத்தையோ கேட்டுப் பெற்று, ஆறு பூண்டுப் பற்களை ஊன்றி வையுங்கள். செலவு ஒரு வெள்ளிக்கு மேல் ஆகாது. இருட்டிய மாலைகளில் அந்தப் பக்கம் நடந்து போகும்போது, வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் மண்ணுக்குள் அது வேர் பிடித்திருக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஏப்ரல் மாதம் தேர்வுக்குப் படிக்கும் நேரத்தில் பச்சை முனை வெளியே வரும். ஜூலையில் ஊர் திரும்புவதற்கு முன் தோண்டி எடுத்து, ஒரு முழுப் பூண்டை அடுத்து வரும் மாணவருக்கு நடுவதற்கென்று கொடுத்துவிட்டு வாருங்கள்.